வளையச் சுற்றும் ஆரைச் சுற்றும் (வீட்டு மின்னமைப்பு)

வீட்டுச் சுவர்களில் உள்ள மின் பொருத்துவாய்களுக்கு (சாக்கெட்) மின்பகிர்வுப் பெட்டியிலிருந்து மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் மின்சுற்றுகள் இரண்டு வகையாக அமைக்கப்படுகின்றன. பெட்டியிலிருந்து புறப்படும் வடம் (கேபிள்) பொருத்துவாய்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்துச் சென்று, கடைசிப் பொருத்துவாயில் முடிவடைந்தால் அது ஆரைச் சுற்று எனப்படும். அவ்வடம் கடைசிப் பொருத்துவாயிலிருந்து மீண்டும் பெட்டிக்கே திரும்பி, புறப்பட்ட அதே முனைகளில் இணைக்கப்பட்டால் அது வளையச் சுற்று எனப்படும்.

உலகின் பெரும்பாலான நாடுகளில் ஆரைச் சுற்றே வழக்கில் உள்ளது. வளையச் சுற்று ஐக்கிய இராச்சியத்தில் இரண்டாம் உலகப் போரை ஒட்டி உருவானது. அந்நாட்டின் மின்னமைப்பு விதிகளான பி.எஸ். 7671 இரண்டு வகைகளையும் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே அங்கு ஒரு வீட்டிற்கு மின்னிணைப்பு செய்யும்போது எதைத் தேர்வது என்ற கேள்வி எழுகிறது. இரண்டு வகைகளும் பழுதின்றி இருக்கும்போது பாதுகாப்பானவையே. பழுது ஏற்படும்போது எந்தப் பழுது வெளியே தெரியும், எந்தப் பழுது மறைந்து கிடக்கும் என்பதிலேயே இவற்றுக்கிடையிலான முதன்மையான வேறுபாடு உள்ளது.

## வரலாறு

போருக்கு முன்னர் பிரித்தானிய வீடுகளில் 2, 5, 15 ஆம்பியர் அளவுகளில் வட்டமுள் செருகிகள் (பிளக்) புழக்கத்தில் இருந்தன. ஓர் அளவுச் செருகி மற்றோர் அளவுப் பொருத்துவாயில் பொருந்தாது. 15 ஆம்பியர் பொருத்துவாய் ஒவ்வொன்றுக்கும் பெட்டியிலிருந்து தனி வடமும் தனி உருகியும் (பியூஸ்) தேவைப்பட்டன. இதனால் ஓர் அறையில் கூடுதலாக ஒரு பொருத்துவாய் வைப்பதே செலவு மிக்கதாக இருந்தது.

போருக்குப் பின் கட்டப்படவேண்டிய வீடுகளின் மின்னமைப்பு பற்றி ஆராய்வதற்காக 1942 இல் பிரித்தானிய மின்பொறியாளர் கழகத்தின் வழியாக ஒரு குழு அமைக்கப்பட்டது. மின்சாரத்தைப் பெண்களிடையே பரப்புவதற்கெனச் செயல்பட்ட மின்சார மகளிர் சங்கத்தின் இயக்குநர் கரோலின் ஹாசுலெட் (1895–1957) இக்குழுவின் உறுப்பினர்களுள் ஒருவர். குழுவின் அறிக்கை 1944 இல் வெளியானது. ஒரே அளவான செருகி, குழந்தைகள் விரலோ கம்பியோ நுழைக்க இயலாதபடி மூடியுள்ள பொருத்துவாய், பல பொருத்துவாய்களுக்குப் பொதுவான வளையச் சுற்று ஆகியவை இக்குழுவின் பணியிலிருந்து உருவாயின. செருகிக்கான தரம் பி.எஸ். 1363 என்ற பெயரில் 1947 இல் வெளியிடப்பட்டது. செப்புத் தட்டுப்பாடு நிலவிய அக்காலத்தில், குறைந்த செம்பைக் கொண்டு நிறையப் பொருத்துவாய்களை அமைக்க முடிந்தமை வளையச் சுற்றின் பெரிய நன்மையாகக் கருதப்பட்டது.

## வளையச் சுற்று இயங்கும் விதம்

வளையத்தில் மின்னோட்டக் கம்பி (பேஸ்), நடுநிலைக் கம்பி (நியூட்ரல்), புவித்தொடுப்புக் கம்பி (எர்த்) ஆகிய மூன்றும் தனித்தனி வளையங்களாக அமைகின்றன. பொருத்துவாய் ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் இரண்டு பக்கங்களிலிருந்தும் வந்து சேரும். இதனால் 2.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள செப்புக் கம்பியைக் கொண்டே 32 ஆம்பியர் (பழைய உருகிகளாயின் 30 ஆம்பியர்) வழங்க முடிகிறது.

வழக்கமாக ஒரு வடத்தின் தாங்குதிறன் அதனைக் காக்கும் கருவியின் அளவைவிடக் குறையக்கூடாது. வளையச் சுற்றுக்கு மட்டும் பி.எஸ். 7671 ஒரு விலக்கு அளிக்கிறது. வளையத்தின் வடம் அது பொருத்தப்பட்ட நிலையில் குறைந்தது 20 ஆம்பியர் தாங்கினால் போதும். ஆனால் வளையத்தின் எந்தப் பகுதியிலும் மின்னோட்டம் நீண்ட நேரம் வடத்தின் தாங்குதிறனை மிஞ்ச வாய்ப்பில்லாதவாறு வடிவமைக்க வேண்டும்.

இந்நிபந்தனை ஏன் தேவை என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். மின்னோட்டம் இரு பக்கங்களிலும் எப்போதும் சரிபாதியாகப் பிரிவதில்லை. மின்தடை குறைந்த பக்கம், அதாவது நீளம் குறைந்த பக்கம், கூடுதல் மின்னோட்டத்தை ஏற்கிறது. 60 மீட்டர் நீளமுள்ள ஒரு வளையத்தின் நடுவில் 32 ஆம்பியர் எடுக்கப்பட்டால் பக்கத்துக்கு 16 ஆம்பியர் பாயும். மாறாக, பெட்டியிலிருந்து 6 மீட்டர் தொலைவில் சமையலறை அமைந்து, அங்கு 3,000 வாட் கெட்டில், 2,500 வாட் துணி உலர்த்தி, 1,800 வாட் பாத்திரம் கழுவும் இயந்திரம் ஆகியவை ஒருசேர இயங்கினால் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 32 ஆம்பியர் தேவைப்படும். அதில் 28.8 ஆம்பியர் குறுகிய பக்கம் வழியாகவும் 3.2 ஆம்பியர் மட்டுமே நீண்ட பக்கம் வழியாகவும் பாயும். 2.5 சதுர மில்லிமீட்டர் தட்டை வடம் சுவர்மேல் நேரடியாகப் பதிக்கப்பட்டிருந்தால் 27 ஆம்பியர் தாங்கும். வெப்பக்காப்பிட்ட சுவருக்குள் குழாயில் சென்றால் 20 ஆம்பியரே தாங்கும். எனவே இந்நிலையில் வடம் மிகைப்பளுவுக்கு உள்ளாகிறது. மொத்த மின்னோட்டம் 32 ஆம்பியரைத் தாண்டாததால் சுற்றுமுறிப்பான் (எம்.சி.பி) இதில் தலையிடாது.

கெட்டில் சில நிமிடங்களே இயங்கும் என்பதால் நடைமுறையில் பல வீடுகளில் இதனால் தீங்கு நேர்வதில்லை. எனினும் நீண்ட நேரம் இயங்கும் கருவிகள் வளையத்தின் ஒரு முனையருகே குவியாமல் பார்த்துக்கொள்வது வடிவமைப்பவரின் பொறுப்பு ஆகும்.

### செருகியிலுள்ள உருகி

வளையச் சுற்றையும் பி.எஸ். 1363 செருகியையும் பிரித்துப் பார்க்க இயலாது. மேசை விளக்கின் மெல்லிய கம்பியில் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் அதனைக் காப்பதற்கு 32 ஆம்பியர் கருவியை மட்டும் நம்ப முடியாது. ஆகவே செருகி ஒவ்வொன்றின் உள்ளும் ஓர் உருகி வைக்கப்படுகிறது. சிறு கருவிகளுக்கு 3 ஆம்பியர், பெரிய கருவிகளுக்கு 13 ஆம்பியர் என்பவை பொதுவான அளவுகள்.

### கிளை

வளையத்திலிருந்து விலகி நிற்கும் பொருத்துவாய்க்குக் கிளையொன்று (ஸ்பர்) எடுக்கலாம். தனி உருகி இல்லாத கிளை ஒவ்வொன்றும் ஒரு பொருத்துவாய்க்கோ ஓர் இரட்டைப் பொருத்துவாய்க்கோ மட்டுமே மின்சாரம் வழங்கலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் 13 ஆம்பியர் உருகியுள்ள இணைப்புப் பெட்டி வழியாகவே கிளையை நீட்ட வேண்டும். கிளையிலிருந்து மற்றொரு கிளையை உருகியின்றி எடுப்பது பழைய வீடுகளில் அடிக்கடி காணப்படும் பிழையாகும். அவ்வாறு செய்தால் முழு மின்னோட்டமும் ஒற்றை வடத்தில் பாயக்கூடும்.

## ஆரைச் சுற்று இயங்கும் விதம்

ஆரைச் சுற்றில் மின்சாரம் ஒரே வழியில் செல்கிறது. எனவே முதற்பகுதி வடம் முழு மின்னோட்டத்தையும் தாங்க வேண்டும். வடத்தின் தாங்குதிறன் சுற்றுமுறிப்பானின் அளவுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும் என்ற பொதுவிதி இங்கு விலக்கின்றிப் பொருந்தும். இதனால் பொருத்துவாய்கள் எங்கு குவிந்திருந்தாலும், எத்தனை கருவிகள் செருகப்பட்டாலும் வடம் சூடேறுமுன் சுற்றுமுறிப்பான் துண்டித்துவிடும்.

ஆரையிலிருந்து எந்த இடத்திலும் கிளை பிரிக்கலாம். ஒரு மரத்தின் கிளைகளைப் போல அது விரியலாம். பின்னாளில் ஒரு பொருத்துவாயைச் சேர்ப்பதும் எளிது.

## அளவுகளின் ஒப்பீடு

பிரித்தானியாவின் பொறியியல், தொழில்நுட்பக் கழகம் வெளியிடும் வழிகாட்டியில் வீட்டுப் பொருத்துவாய்ச் சுற்றுகளுக்குக் கீழ்க்காணும் மூன்று வகைகள் தரப்படுகின்றன. வழங்கத்தக்க தரைப்பரப்பும் அவ்வழிகாட்டியின்படியே தரப்பட்டுள்ளது.

| | வளையம் | ஆரை (சிறியது) | ஆரை (பெரியது) |
|---|---|---|---|
| சுற்றுமுறிப்பான் | 32 ஆம்பியர் | 20 ஆம்பியர் | 32 ஆம்பியர் |
| செப்புக் கம்பி (சதுர மிமீ) | 2.5 | 2.5 | 4 |
| தரைப்பரப்பு (சதுர மீட்டர்) | 100 | 50 | 75 |

நீளத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். பொருத்துவாய்ச் சுற்றுகளில் மின்னழுத்த வீழ்ச்சி 5 விழுக்காட்டுக்குள், அதாவது 230 வோல்ட்டில் 11.5 வோல்ட்டுக்குள் இருப்பது பரிந்துரைக்கப்படுகிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் வடத்தில் ஓர் ஆம்பியருக்கு ஒரு மீட்டரில் 18 மில்லிவோல்ட்டும், 4 சதுர மில்லிமீட்டர் வடத்தில் 11 மில்லிவோல்ட்டும் குறைகின்றன. முழுப் பளுவும் கடைக்கோடியில் இருப்பதாகக் கொண்டால், 20 ஆம்பியர் ஆரை ஏறத்தாழ 32 மீட்டர் நீளம் செல்லலாம். 32 ஆம்பியர் ஆரையும் ஏறத்தாழ அதே நீளமே செல்லலாம். முழுப் பளுவும் நடுப்புள்ளியில் இருப்பதாகக் கொண்டால் வளையத்தின் மொத்த நீளம் ஏறத்தாழ 80 மீட்டர் வரை செல்லலாம். நடைமுறையில் பளு பல இடங்களில் பரவியிருப்பதால் இந்நீளங்கள் சற்றுக் கூடும்.

4 சதுர மில்லிமீட்டர் வடம் சுவர்மேல் பதிக்கப்பட்டால் 37 ஆம்பியர் தாங்கும். வெப்பக்காப்பிட்ட சுவருக்குள் குழாயில் சென்றால் அது 26 ஆம்பியராகக் குறைகிறது. அத்தகைய சுவர்களில் 32 ஆம்பியர் ஆரைக்கு 4 சதுர மில்லிமீட்டர் போதாது. மேலும் இவ்வடம் தடிமனானது. பொருத்துவாய்ப் பெட்டிக்குள் வளைத்து முறுக்குவது கடினம்.

வளையத்தை நடுவில் வெட்டினால் என்ன ஆகும் என்பதும் கருதத்தக்கது. 60 மீட்டர் வளையத்தை நடுவில் பிரித்து, இரு முனைகளையும் தனித்தனி 20 ஆம்பியர் சுற்றுமுறிப்பான்களில் இணைத்தால் இரண்டு ஆரைகள் கிடைக்கும். வடத்தின் அளவு கூடவில்லை. ஆனால் மொத்தத் திறன் 32 ஆம்பியரிலிருந்து 40 ஆம்பியராகிறது. பெட்டியில் கூடுதலாக ஓர் இடம் மட்டுமே தேவைப்படுகிறது. வடம் 20 ஆம்பியர் தாங்கும் நிலையிலும் நீளம் மேற்கண்ட வரம்புக்குள்ளும் இருக்க வேண்டும். பெட்டியில் இடமும் சுற்றுமுறிப்பானும் மலிவாகக் கிடைக்கும் இக்காலத்தில், வளையத்தின் செப்புச் சிக்கனம் முன்போல் வலுவான காரணமன்று எனச் சொல்லப்படுவது இதனால்தான்.

## பழுது ஏற்படும்போது

மின்னோட்டக் கம்பியோ நடுநிலைக் கம்பியோ அறுந்தால்: ஆரைச் சுற்றில் அறுந்த இடத்துக்கு அப்பாலுள்ள பொருத்துவாய்கள் வேலை செய்யா. வீட்டார் உடனே அறிந்து மின்பணியாளரை அழைப்பர். வளையச் சுற்றிலோ எல்லாப் பொருத்துவாய்களும் வழக்கம்போல் வேலை செய்யும், ஏனெனில் மறுபக்கத்திலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருக்கும். ஆனால் அப்போது அது வளையமன்று; 32 ஆம்பியர் கருவியால் காக்கப்படும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஆரையே. 20 முதல் 27 ஆம்பியர் வரை மட்டுமே தாங்கும் வடத்தில் 32 ஆம்பியர் மணிக்கணக்கில் பாயலாம். மேலும் சுற்றுமுறிப்பான் தன் அளவைப்போல் 1.13 மடங்கு மின்னோட்டத்தில், அதாவது 36 ஆம்பியரில், ஒரு மணி நேரத்துக்குள் துண்டிக்கக்கூடாது என்பதே அதன் தரவிதி. வடம் சூடேறி, காப்புறை நாளடைவில் சிதையும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது.

புவித்தொடுப்புக் கம்பி அறுந்தால்: நிலைமை தலைகீழாகிறது. ஆரைச் சுற்றில் அறுந்த இடத்துக்கு அப்பாலுள்ள எல்லாப் பொருத்துவாய்களும் புவித்தொடுப்பை இழக்கின்றன. கருவிகள் வழக்கம்போல் இயங்குவதால் யாரும் இதனை அறியார். பின்னர் ஒரு சலவை இயந்திரத்தினுள் மின்னோட்டக் கம்பி உலோக உடலைத் தொட்டால், உடல் முழுவதும் மின்னேற்றம் பெறும், உருகி உருகாது, சுற்றுமுறிப்பானும் துண்டிக்காது. வளையச் சுற்றிலோ புவித்தொடுப்பு இரு வழிகளில் இருப்பதால் ஒரு வழி அறுந்தாலும் மறுவழி காக்கிறது. கணினிகள் போன்ற கருவிகள் நிறைந்து, புவித்தொடுப்புக் கம்பியில் இயல்பாகவே சிறு மின்னோட்டம் பாயும் இடங்களில் வளைய வடிவப் புவித்தொடுப்பு ஏற்கத்தக்க தீர்வுகளுள் ஒன்றாக விதிகளில் இடம்பெறுவதற்கு இதுவே காரணம்.

சுருங்கச் சொன்னால், வளையம் புவித்தொடுப்பு அறுவதைப் பொறுத்துக்கொண்டு மின்னோட்டக் கம்பி அறுவதை மறைக்கிறது. ஆரை மின்னோட்டக் கம்பி அறுவதைக் காட்டிக்கொடுத்து, புவித்தொடுப்பு அறுவதை மறைக்கிறது. முன்னது தீ விபத்துக்கும் பின்னது மின்னதிர்ச்சிக்கும் வழிவகுக்கலாம்.

30 மில்லிஆம்பியர் கசிவு மின்னோட்டத் துண்டிப்பான் (ஆர்.சி.டி) இவற்றுள் பின்னதன் தீங்கைப் பெரிதும் குறைக்கிறது. மின்னேறிய உடலை ஒருவர் தொட்டவுடன் அவர் வழியே நிலத்துக்குப் பாயும் கசிவைக் கண்டு அது துண்டித்துவிடும். பி.எஸ். 7671 இன் 2018 ஆம் ஆண்டுப் பதிப்பு, 32 ஆம்பியர் வரையிலான பொருத்துவாய்களுக்கு இக்கருவியைப் பொதுவாகக் கேட்கிறது. ஆனால் அறுந்த வளையத்தின் மிகைப்பளுவை இக்கருவி உணராது. அங்கு கசிவு ஏதும் இல்லை. ஆகவே துண்டிப்பான் பரவலான பின்னர், ஆரையின் மறைந்த பழுதுக்கு இரண்டாவது காவல் கிடைத்துள்ளது; வளையத்தின் மறைந்த பழுதுக்குச் சோதனை ஒன்றே காவலாக உள்ளது.

## வளையத்தைச் சோதித்தல்

பொருத்துவாய்கள் வேலை செய்கின்றன என்பது வளையம் முழுமையாக உள்ளது என்பதற்குச் சான்றாகாது. மின்சாரம் துண்டிக்கப்பட்ட நிலையில், தகுதிபெற்ற மின்பணியாளர் மூன்று படிகளில் இதனைச் சோதிப்பார்.

1. பெட்டியில் வளையத்தின் முனைகளைக் கழற்றி, கம்பி ஒவ்வொன்றின் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள மின்தடையை அளத்தல். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியின் மின்தடை 20 பாகை செல்சியசில் மீட்டருக்கு 7.41 மில்லிஓம். எனவே 60 மீட்டர் வளையத்தில் ஏறத்தாழ 0.44 ஓம் கிடைக்க வேண்டும். புவித்தொடுப்புக் கம்பி 1.5 சதுர மில்லிமீட்டராயின் ஏறத்தாழ 0.73 ஓம் கிடைக்கும். அளவி முடிவிலி காட்டினால் அக்கம்பி அறுந்துள்ளது.
2. ஒரு முனையின் மின்னோட்டக் கம்பியை மறுமுனையின் நடுநிலைக் கம்பியோடு குறுக்காக இணைத்து, மற்ற இரண்டையும் அவ்வாறே இணைத்து, பொருத்துவாய் ஒவ்வொன்றிலும் மின்தடையை அளத்தல். வளையத்தில் உள்ள எல்லாப் பொருத்துவாய்களிலும் ஏறத்தாழ ஒரே அளவு, இங்கு 0.22 ஓம், கிடைக்கும். கிளையில் உள்ளவை சற்றுக் கூடுதலாகக் காட்டும்.
3. மின்னோட்டக் கம்பிக்கும் புவித்தொடுப்புக் கம்பிக்கும் இடையில் இதே முறையைச் செய்தல்.

இரண்டாவது படி இன்றியமையாதது. வளையத்தின் நடுவே யாரோ தவறாக ஒரு குறுக்கிணைப்பு கொடுத்திருந்தால் முதற்படியில் வளையம் முழுமையாகவே தோன்றும். குறுக்கு அளவீட்டில்தான் அளவுகள் இடத்துக்கு இடம் மாறுபட்டு உண்மையைக் காட்டும். ஆரைச் சுற்றுக்கு இத்தனை படிகள் தேவையில்லை. கடைக்கோடிவரை புவித்தொடுப்புத் தொடர்ச்சியை அளந்தாலே பெரும்பாலும் போதும்.

## தேர்வு செய்தல்

எந்த வகையைத் தேர்வது என்பது வீட்டின் அமைப்பையும் பளுவையும் பொறுத்தது.

* படுக்கையறை, வரவேற்பறை: பளு குறைவு. 20 ஆம்பியர் ஆரை எளிமையானது, போதுமானது.
* பரப்பு மிக்க தளம், நீண்ட வடவழி: பளு பரவலாகவும் இடம் மாறக்கூடியதாகவும் இருந்தால் வளையம் பொருத்தமானது. மின்னழுத்த வீழ்ச்சியும் குறைவு.
* சமையலறை: பளு மிகுதி. பெட்டிக்கு அருகில் அமைந்த சமையலறைக்கு வீடு முழுவதும் சுற்றிவரும் வளையம் ஏற்றதன்று. சமையலறைக்கெனத் தனி வளையமோ இரண்டு ஆரைகளோ அமைப்பது நல்லது.
* மின்னடுப்பு, பெரிய நீர்ச்சூடேற்றி, மின்னூர்தி மின்னேற்றி: இவற்றுக்குப் பொருத்துவாய்ச் சுற்றுகள் எவையும் பொருந்தா, தனிச் சுற்று வேண்டும்.
* பழைய வீட்டில் வளையம் உடைந்திருந்தால்: உடைந்த இடத்தைக் கண்டு சரிசெய்ய இயலாதபோது, வடத்துக்கு ஏற்றவாறு சுற்றுமுறிப்பானை 20 ஆம்பியராகக் குறைத்து, இரண்டு ஆரைகளாக மாற்றிக்கொள்ளலாம். 32 ஆம்பியரை அப்படியே விட்டுவைப்பது கூடாது.

## பிற நாடுகளில்

பிரான்சில் 2.5 சதுர மில்லிமீட்டர் வடத்தில் 20 ஆம்பியர் ஆரையும், 1.5 சதுர மில்லிமீட்டர் வடத்தில் 16 ஆம்பியர் ஆரையும் வழக்கில் உள்ளன; ஒரு சுற்றில் எத்தனை பொருத்துவாய்கள் இருக்கலாம் என்பதற்கு அங்கு வரம்பு உண்டு. செருமனியில் 16 ஆம்பியர் ஆரையும், ஐக்கிய அமெரிக்காவில் 120 வோல்ட்டில் 15, 20 ஆம்பியர் ஆரைகளும் பொதுவானவை. பி.எஸ். 1363 செருகி புழங்கும் சிங்கப்பூர், மலேசியா, ஆங்காங் ஆகிய இடங்களில் வளையச் சுற்றும் காணப்படுகிறது. இலங்கையில் 5, 15 ஆம்பியர் வட்டமுள் செருகிகளோடு 13 ஆம்பியர் சதுரமுள் செருகியும் நெடுங்காலம் கலந்து புழங்கின. பின்னர் 13 ஆம்பியர் செருகி தேசியத் தரமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

இந்தியாவில் புழங்கும் 6, 16 ஆம்பியர் வட்டமுள் செருகிகள் பழைய பிரித்தானிய 5, 15 ஆம்பியர் செருகிகளின் வழிவந்தவை. இவற்றினுள் உருகி கிடையாது. ஆகவே பிரித்தானிய முறையிலான 32 ஆம்பியர் வளையத்தை இங்கு அப்படியே அமைத்தால் கருவிகளின் மெல்லிய கம்பிகள் போதிய காப்பின்றி நிற்கும். இந்திய வீடுகளில் ஆரைச் சுற்றுகளே அமைக்கப்படுவதும், நீர்ச்சூடேற்றி, குளிர்பதனக் கருவி போன்றவற்றுக்குத் தனிச் சுற்று அமைக்கப்படுவதும் இச்செருகி அமைப்புக்குப் பொருத்தமானவையே.

## இவற்றையும் பார்க்க

* மின்சுற்று
* உருகி
* புவித்தொடுப்பு
* கசிவு மின்னோட்டத் துண்டிப்பான்